ஏழு புள்ளி, ஆறு உறுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

உன் வரைபடம் கிடைத்தது. மாறுநிலை வெப்பநிலையில் ஐசிங் மாதிரி, அகலம் 4, 6 என்று 16 வரை ஏழு புள்ளி. டிரான்ஸ்ஃபர் அணியின் மிகப் பெரிய ஐகென் மதிப்புக்கு மடக்கை எடுத்து, ஆறு உறுப்புள்ள தொடரைப் பொருத்தியிருக்கிறாய். புள்ளிகள் கோட்டில் அச்சாக உட்கார்ந்துவிட்டன என்று உனக்குச் சந்தோஷம். எனக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. ஏழு புள்ளிக்கு ஆறு உறுப்பு என்றால் எது உட்காராது?

கணினியை மூடிவிட்டுக் காகிதத்தை எடு. ஆன்சாகர் 1944-இல் தந்த விடையில் அந்த மடக்கை, அனுமதிக்கப்பட்ட அலை எண்களின் மேல் ஒரு கூட்டுத்தொகை, அவ்வளவுதான். அகலம் 4 என்றால் இரண்டே வேறுபட்ட மதிப்புகள். பத்து நிமிட வேலை. ஒரு சுழலுக்கு 0.9468 வரும். முடிவிலா அகலத்தில் அது 0.9297. வித்தியாசத்தை அகலத்தின் வர்க்கமான 16-ஆல் பெருக்கி, 6-ஆல் பெருக்கி, பையால் வகுத்தால் 0.522. அகலம் 8-இல் இதே கணக்கு 0.505. போய்ச் சேர வேண்டிய இடம் அரை. ஐசிங்கின் சென்ட்ரல் சார்ஜ் அது. வித்தியாசத்துக்கும் சென்ட்ரல் சார்ஜுக்கும் உள்ள இந்த உறவை 1986-இல் ப்ளோட்டே, கார்டி, நைட்டிங்கேல் மூவரும், தனியே அஃப்லெக்கும் காட்டினார்கள்.

முடிவிலா அகலத்து மதிப்பின் மேல் இந்தத் திருத்தம் எங்கிருந்து வருகிறது? கூட்டுத்தொகையைத் தொகையீடாக்கும் ஆய்லர்–மெக்லாரின் சூத்திரத்தில்தான் விஷயம். மாறுநிலையில், கூட்டப்படும் வளைவு சுழி அலை எண்ணில் கூராக மடிகிறது. அந்த முனைதான் அகலத்தின் அடுக்குகளில் வரும் எல்லா உறுப்புகளையும் பெற்றுத் தருகிறது. வெப்பநிலையைக் கொஞ்சம் நகர்த்து: முனை மழுங்கும், அடுக்கு உறுப்புகள் ஒன்று விடாமல் மறையும், அடுக்குக்குறி வேகத்தில் தேயும் மிச்சம் மட்டும் நிற்கும். அங்கேயும் உன் ஆறு உறுப்பு அழகாகப் பொருந்தியிருக்கும், பார்! (நானும் ஒரு கோடை முழுக்க அப்படிப் பொருத்தித் தொலைத்தவன்தான்.)

இன்னொன்று. மாறுநிலையில் முனை தரும் இந்தத் தொடர் குவிவதில்லை. உள்ளே இருக்கும் பெர்னூலி எண்கள் தொடர்பெருக்க வேகத்தில் வளர்பவை. உறுப்புகள் முதலில் சிறுத்து, பிறகு ஊதும். சிறுத்த இடத்தில் நிறுத்து.

அடுத்து நான்கு நிலை பாட்ஸ் மாதிரியைத் தொடப்போவதாக எழுதியிருக்கிறாய். அங்கே அகலத்தின் மடக்கையே திருத்தமாக நுழையும். அகலத்தை இரட்டித்தாலும் அது லேசில் அசையாது. கணினியைத் திறக்குமுன், கிடை அச்சில் எதைப் போடப்போகிறாய் என்று எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அண்ணன்