இருப்புப்பாதையும் பருவ காலங்களும்

கூட்டேரிப்பட்டுக்கு அருகிலுள்ள மயிலம் நிலையத்தின் வழியே ஓடும் விழுப்புரம்–சென்னைப் பாதையில் ரயில்கள் மின்சாரத்தால் ஓடுகின்றன. ஆனால் அப்பாதையைப் பழுதுபார்க்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் டீசலில் இயங்குபவை. 1 லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு உண்டாகும். டீசலின் எடையே ஒரு கிலோவுக்குக் குறைவாயிற்றே என வியக்க வேண்டாம். 12 பங்கு கரி, காற்றிலுள்ள 32 பங்கு ஆக்சிஜனோடு சேர்ந்து 44 பங்கு வாயுவாகிறது.

கோடையில் என்ன நடக்கிறது? 1 கிலோமீட்டர் எஃகுத் தண்டவாளம், தடையின்றி விடப்பட்டால், 30 டிகிரி வெப்பம் ஏறும்போது ஏறக்குறைய 35 செ.மீ. நீளும். இன்றோ தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்து விடுகிறார்கள், நீள இடமில்லை. ஆகவே ஒவ்வொரு தண்டவாளத்தினுள்ளும் 50 டன்னுக்கும் மேற்பட்ட அழுத்தம் ஏறுகிறது. அதை வளையாமல் பிடித்து நிறுத்துவது கான்கிரீட் கட்டைகளும் ஜல்லியும்தான். எனவே கடும் வெயிலில் ஜல்லியைக் கலைக்கக் கூடாது. அத்தகைய வேலைகள் வெயில் ஏறுமுன் நடக்கின்றன.

நம் வட்டாரத்தில் மழையே பெரிய சோதனை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் இடையே பாலத்தின்கீழ் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. சில வேறு வழியில் திருப்பிவிடப்பட்டன.

வெள்ளம் வடிந்தாலும் தொல்லை தீர்வதில்லை. நீர் தேங்கினால் அடிமண் சேறாகி, ரயில் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஜல்லிக்குள் பீச்சப்படுகிறது. பாதை அமிழ்கிறது. ஜல்லியை இறுக்கும் இயந்திரம் வந்து சமன்செய்கிறது. சேறு அங்கேயே இருப்பதால் மறுபடி அமிழ்கிறது, மறுபடியும் டீசல்! ஐப்பசிக்கு முன்னரே பாதையோரக் கால்வாயைத் தூர்வார மண்வெட்டியே போதும் என்பது என் கருத்து.

பனி நாடுகளில் பாதை பிரியும் இடங்களைச் சூடாக்கவும் எரிசக்தி செலவாகிறது. நமக்கு அந்தச் செலவு இல்லை.

ஆயினும் டீசலைவிடப் பெரிய கணக்கு எஃகில் இருக்கிறது. மீட்டருக்கு 60 கிலோ வீதம், 1 கிலோமீட்டர் பாதையின் இரு தண்டவாளங்கள் 120 டன். ஒரு டன் எஃகு செய்யச் சுமார் 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. ஆக 240 டன். இது ஏறக்குறைய 90,000 லிட்டர் டீசலை எரிப்பதற்குச் சமம். சேற்றில் ஆடி ஆடிச் சீக்கிரம் தேயும் தண்டவாளத்தை மாற்றும்போதெல்லாம் இக்கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.