அநியாயமான பார்க்கிங் சம்மனா?

புக்கிட் பெலண்டோக்கிலிருந்து போர்ட்டிக்சன் டவுனுக்குப் போகிறவர்கள், வண்டிக் கண்ணாடியில் கொம்பவுண்ட் (சம்மன்) தாளைக் கண்டதும் உடனே பணம் கட்டிவிடுகிறார்கள். அது தீர்ப்பல்ல, வழக்குக்குப் போகாமல் முடித்துக்கொள்ள நகராண்மைக் கழகம் தரும் வாய்ப்பு. கட்டிவிட்டால் விவகாரம் முடிந்தது, பிறகு வாதாட இடமில்லை. ஆகவே வண்டியை எடுக்கும் முன்பே அழிந்துபோன பார்க்கிங் கோடுகளையும், கிளை மறைத்த அறிவிப்புப் பலகையையும் படமெடுங்கள். தாளிலுள்ள நேரம், இடம், வண்டி எண்ணைப் பார்க்கிங் கட்டண ரசீதோடு ஒப்பிடுங்கள். முரண்பாடு இருந்தால் கெடுவுக்குள் மலாயில் ஒரு பக்க முறையீடு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 'அவசர வேலை' என்று காரணம் சொல்வது கருணை மனு மட்டுமே. தொகை குறையலாம், சம்மன் தவறென்று ஆகாது.

சில வெள்ளிக்காக அலைவதா என்பார்கள். அரை நாள் சம்பளம் போகுமென்றால் அந்தக் கணக்கு நியாயம்தான். ஆனால் அழிந்த கோடுகளை யாரும் சுட்டிக்காட்டாவிட்டால், அடுத்த வாரமும் அதே இடத்தில் இன்னொருவர் மாட்டுவார். முறையீடு நிராகரிக்கப்பட்டால் கட்ட மறுத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வாதாடலாம். தோற்றால் அபராதம் கூடக்கூடும் என்பதால், படங்கள் வலுவாக இருந்தால் மட்டும் அந்தப் படி ஏறுங்கள்.