சுருள்சிரைக்கு எந்தச் சிகிச்சை?

நாள் முழுதும் நின்றே உழைக்கும் பரோட்டா மாஸ்டர், ஜவுளிக்கடைப் பெண், கட்டடத் தொழிலாளி போன்றோருக்கு அதிகம் தொல்லை தருவது, நரம்பு சுருட்டல் என்று பேச்சில் வழங்கும் சுருள்சிரை நோய். தருமபுரி வட்டாரத்தில் இதற்கான சிகிச்சையை, காலின் நிலையைப் பார்த்து அல்லாமல், விளம்பரத்தையும் உறவினர் வற்புறுத்தலையும் நம்பித் தேர்வோர் பலர்.

இறுக்கக் காலுறை வீக்கத்தைத் தணிக்குமே ஒழியச் சிரைக்குள் பழுதான வால்வைச் சரிசெய்யாது. நுரை ஊசி கிளைச் சிரைகளுக்கு ஏற்றது. சிரையைத் தொடை இடுக்கில் கட்டி உருவியெடுக்கும் அறுவை மிகப் பழையது. இவை பலரும் அறிந்தவை.

எச்சரிக்கை தேவைப்படுவது, "காலையில் போனால் மாலையில் வீடு" என்று விற்கப்படும் லேசருக்கே. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2013-இல், லேசர் உள்ளிட்ட வெப்பமுறைகளையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது உண்மைதான். ஆனால் லேசர் இழை சிரையின் உட்சுவரைச் சுட்டு மூடுவதால், மேற்சிரை ஆழ்சிரையோடு சேரும் தொடை இடுக்கில் ரத்தம் உறைந்து ஆழ்சிரைக்குள் நீளக்கூடும் என்பதாலேயே, இழையின் நுனியை அச்சந்திப்புக்குச் சுமார் 2 செ.மீ. கீழே நிறுத்துகிறார்கள். இவ்வுறைவு, சந்திப்பின் விளிம்போடு நிற்பது முதல் ஆழ்சிரையை முழுதும் அடைப்பது வரை நான்கு நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. பெரும்பாலும் சிறிதாகித் தானே கரைந்தாலும், அரிதாகப் பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. பெங்களூரில் லேசர் செய்துகொண்ட கையோடு காலைத் தொங்கவிட்டுப் பல மணி நேரம் பேருந்தில் அமர்ந்து ஊர் திரும்புபவர், நடக்கச் சொன்ன அறிவுரையையும் மறுபரிசோதனையையும் ஒருசேர இழக்கிறார். பழைய அறுவையிலும் உறைவு வரலாம் என்றாலும், மூன்றாம் நாள் கெண்டைக்கால் வீங்கினால் உடனே பார்க்கக்கூடிய உள்ளூர் அறுவை மருத்துவரிடம் அதைச் செய்துகொள்வது, தொலைதூர லேசரைவிட மேலானது.

எதைத் தேர்ந்தாலும், ஆழ்சிரையையும் சேர்த்துப் பார்த்த டாப்ளர் ஸ்கேன் கையில் இருக்க வேண்டும். முன்பு ரத்தம் உறைந்தவர், புற்றுநோயாளி, கருத்தடை மாத்திரை உண்பவர் ஆகியோர் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, பின்னரும் ஸ்கேன் தேவையா என்று கேட்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐ அழைக்கத் தாமதிக்கலாகாது.

அண்ணன் காலுக்குப் பொருந்தியது தம்பி காலுக்கும் பொருந்தும் என்பதில்லை. ஆண்டுக்கணக்கில் வளர்ந்த நோய் என்பதால், ரத்தக்கசிவோ ஆறாத புண்ணோ இல்லாதவர் இன்னும் சில வாரம் பொறுத்து, இரண்டாவது மருத்துவர் ஒருவரையும் கேட்டு முடிவெடுப்பதில் இழப்பு ஏதுமில்லை.