வீட்டிலேயே கோகோ பானப் பொடி

பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரங்களில் தென்னந்தோப்புக்குள் செல்வோர், அடிமரத்திலேயே காய்கள் ஒட்டித் தொங்கும் குறுமரங்களைக் கண்டிருப்பர். அவையே கோகோ. 1798-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் நட்டுப் பார்த்த இப்பயிர், இன்று நம் அங்கத்தினர் சிலருக்குத் தென்னையின் ஊடுபயிராக வருவாய் தருகிறது. ஆயினும், விதையை ஈரமாகவே நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் கேட்கும் கோகோ பானத்தூளை டப்பாவில் விலை கொடுத்து வாங்கும் வழக்கமே நம்மிடம் மிகுதி.

அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முதலிடத்தில் சர்க்கரை நிற்குமாயின், அதில் மிகுதியாக உள்ளது சர்க்கரையே. கோகோவின் பெயரால் சர்க்கரையை வாங்குகிறோம் என்று சொன்னால் பிழையாகாது.

“நம் தோப்பு விதையையே வறுத்து இடித்தால் என்ன?” என்று அங்கத்தினர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் பச்சை விதையை ஐந்தாறு நாள் குவித்து மூடிப் புளிக்க வைத்து, பின் நன்கு உலர்த்தினாலன்றி அதற்கு மணம் வராது. கசப்பும் துவர்ப்புமே மிஞ்சும். அவ்வாறு பதப்படுத்தி வறுத்துத் தோல் நீக்கினாலும், பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. ஆகவே உரலில் இட்டால் பொடியாகாது, விழுதாகும். அக்கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்துப்பொறி 1828-இல் ஹாலந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பத்தாரால் வந்தது. அதன் பின்னரே கோகோத் தூள் எளிதாயிற்று. இது வீட்டு வேலையன்று, ஆலை வேலை. அத்தகைய ஆலையையும் விவசாயிகள் கூட்டுறவாக நடத்த இயலும்: 1973-இல் மங்களூரில் தோன்றிய காம்ப்கோ சங்கம், 1986-இல் கர்நாடகத்துப் புத்தூரில் சாக்லேட் ஆலையைத் தொடங்கியது.

எனவே இனிப்புச் சேராத கோகோத் தூளை மட்டும் கடையில் வாங்கிக்கொண்டு, மற்றவற்றை அடுக்களையிலிருந்தே எடுப்போம். கோகோத் தூள் 100 கிராம், சர்க்கரை 200 கிராம், கொழுப்பு நீக்கிய பால்பொடி 200 கிராம், சுக்குப்பொடி 5 கிராம், ஏலக்காய் ஐந்து, உப்பு இரண்டு சிட்டிகை. ஏலத்தைச் சர்க்கரையோடு சேர்த்து நைசாக அரைத்துக்கொள்க. பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து மூன்று முறை சல்லடையில் சலித்திடுக. சலிப்பதில் சோம்பல் கூடாது. கோகோ சிறு கட்டிகளாக நின்றுவிடும். சுக்கு நம் கொங்கு நாட்டு நாவுக்காகச் சேர்த்தது, வேண்டாதோர் விடலாம்.

நாட்டுச் சர்க்கரை உயர்ந்தது என்று கருதும் இல்லத்தரசியர் உண்டு. கவுந்தப்பாடிச் சர்க்கரையின் சுவையை யார் மறுப்பார்? எனினும் அது காற்றின் ஈரத்தை இழுத்துப் பொடி முழுவதையும் கட்டியாக்கும். பாலோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் பால் திரிவதும் உண்டு. ஆகவே பொடியில் வெள்ளைச் சர்க்கரையைக் குறைத்து, பருகும் வேளையில் தம்ளரில் நாட்டுச் சர்க்கரையைச் சேர்ப்பது தக்கது.

தம்ளருக்கு 25 கிராம் பொடி, அதாவது குவித்த மேசைக்கரண்டி இரண்டு, போதும்; மேற்கண்ட அளவு இருபது தம்ளருக்கு வரும். முதலில் சிறிது வெந்நீர் விட்டுக் குழைத்து, விழுதான பின்னரே மீதி வெந்நீரை ஊற்றுக. ஒரேயடியாக ஊற்றினால் பொடி மேலே மிதக்கும். கடைத்தூள் சிலவற்றில் எளிதில் கலக்கும் பொருட்டு லெசித்தின் சேர்ப்பர். நம் பொடியில் அது இல்லை. தம்ளரின் அடியில் சிறிது மண்டி நிற்பது குற்றமன்று; கோகோ நீரில் கரையும் பொருளன்று.

கோகோவில் சிறிதளவு காபீன் உண்டு. ஆதலால் இரவு தறியில் அமர்வோருக்கு ஏற்றது. உறங்கச் செல்லும் பிள்ளைகளுக்கு மாலையிலேயே கொடுத்துவிடுக.

உலர்ந்த கண்ணாடிப் புட்டியில், உலர்ந்த கரண்டியோடு வைத்து, ஒரு மாதத்திற்குள் தீர்த்துவிடும் அளவே செய்துகொள்க. புட்டியில் பூசண வாடை எழுந்தால் சலித்துச் சரிசெய்ய முயலாமல் கொட்டிவிடுக.