நாய்க்குட்டிக்கு நல்லுணவும் நல்லிரவும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் மாலை, பள்ளியிலிருந்து திரும்பிய எம் பேத்தி தன் மேலாடையில் ஏதோ ஒன்றைச் சுற்றி அணைத்தவாறு வந்து நின்றாள். திறந்து பார்த்தபோது உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தது ஒரு நாட்டு நாய்க்குட்டி. அதன் தாய் சாலையில் ஊர்தி மோதி இறந்துவிட்டதாம். குட்டிக்கு அகவை ஐந்து வாரம் இருக்கலாம்.

வீட்டில் அன்றிரவே விவாதம் எழுந்தது. "நாய் என்றால் இறைச்சி வேண்டும். கொல்லாமை காக்கும் இல்லத்தில் அதனை எவ்வாறு வளர்ப்பது?" என்றனர் ஒரு சாரார். "வந்த உயிரைத் தெருவில் விடுவது மட்டும் கொல்லாமையா?" என்று கேட்டார் எம் அன்னையார். குட்டி வீட்டிலேயே தங்கியது. ஆயினும் நல்லெண்ணம் ஒன்றே போதும் என நாம் கருதிவிட்டமையால், அடுத்த ஒரு வாரத்தில் அவ்வுயிரை இழக்கும் நிலைக்கே வந்துவிட்டோம். எம் பிழைகள் பிறருக்குப் பாடமாகட்டும் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை வரைகின்றோம்.

நூல் வகுத்த ஐந்து குற்றங்கள்

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், அகிம்சை அணுவிரதத்திற்கு மாசு உண்டாக்கும் ஐந்து அதிசாரங்களை எடுத்துரைக்கின்றது. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இல்லறத்தார் தம்மிடம் வாழும் விலங்குகளை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கு இதனினும் சுருக்கமான இலக்கணம் வேறு வேண்டுவதில்லை. மாட்டுக்கும் குதிரைக்கும் மட்டுமன்று, நாய்க்கும் இது பொருந்தும்.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியைக் கற்றோர், உணவைத் தீண்டியதற்காக அடியுண்டு உயிர் பிரியும் நிலையில் கிடந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச மந்திரம் ஓதியதையும், அந்நாய் சுதஞ்சணன் என்னும் இயக்கனாகப் பிறந்ததையும் அறிவர். பசித்த நாய் உணவை நாடுவது அதன் இயல்பு. அதனை அறிந்து உணவிடுதல் நம் கடன்.

முதற் பிழை: பசுவின் பால்

தாயற்ற குட்டிக்குப் பால்தானே உணவு என எண்ணி, பசும்பாலில் நீர் கலந்து கிண்ணம் கிண்ணமாக வைத்தோம். குட்டி ஆவலோடு குடித்தது. மறுநாளே வயிற்றுப்போக்கு கண்டது. மூன்றாம் நாள் தலை தூக்கவும் இயலாது கிடந்தது. கால்நடை மருத்துவர் ஈறுகளைத் தொட்டுப் பார்த்து, உடலில் நீர் வற்றிவிட்டது என்று கூறி ஊசிவழி நீரேற்றிக் காப்பாற்றினார்.

காரணத்தையும் அவரே விளக்கினார். நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசுவின் பாலினும் ஏறத்தாழ இரு மடங்கு. பால் சர்க்கரையோ பசுவின் பாலில்தான் மிகுதி. குட்டியின் குடல் அச்சர்க்கரையைச் செரிக்க மாட்டாமல் வயிற்றுப்போக்கு உண்டாகின்றது. நீர் கலந்ததனால் இருந்த சிறு சத்தும் குறைந்தது. தாயற்ற குட்டிகளுக்கென்றே செய்யப்படும் பால்மாவு மருந்துக் கடைகளில் கிடைக்கின்றது. அதனையே பயன்படுத்துதல் வேண்டும்.

குட்டிகள் மூன்று அல்லது நான்காம் வாரத்தில் குழைந்த உணவை நக்கத் தொடங்கும். ஆறு முதல் எட்டு வாரங்களில் தாய்ப்பாலை மறக்கும். எனவே, தாய் உயிருடன் இருக்குமாயின், எட்டு வாரம் நிறையும் முன் குட்டியைப் பிரித்தல் ஆகாது. எட்டு வாரத்திற்குட்பட்ட குட்டிகளை விற்றலை 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளும் விலக்குகின்றன. "இன்னும் சிறிதாக இருந்தால் நம்மோடு ஒட்டிக்கொள்ளும்" என்று கூறி மூன்று வாரக் குட்டியைத் தூக்கி வருவோர் இதனைக் கருத வேண்டும்.

இறைச்சியின்றி வளருமா?

பூனைக்கும் நாய்க்கும் வேறுபாடு உண்டு. பூனை இறைச்சி உணவின்றி வாழ இயலாத உடலமைப்புடையது. நாய் அத்தகையதன்று. மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தமையால், மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் ஓநாயினும் நாய்க்கு மிகுந்துள்ளது என்பதனைச் சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுச் சான்றுடன் 2013இல் வெளியிட்டனர். ஆகவே, முறையாக அமைந்த சைவ உணவில் நாய் வாழ இயலும்.

"முறையாக அமைந்த" என்னும் சொற்களை அன்பர்கள் ஊன்றி நோக்குக. தயிர்ச்சோறும் பருப்புச்சோறும் இட்டால் வயிறு நிரம்பும், உடல் வளராது. வளரும் குட்டிக்குப் புரதம் மிகுதியாக வேண்டும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் வகுத்த அளவின்படி, ஈரம் நீக்கிய உணவில் புரதம் வளர்ந்த நாய்க்கு 18 விழுக்காடும், குட்டிக்கு 22.5 விழுக்காடும் குறையாமல் இருத்தல் வேண்டும். கொழுப்பு குட்டிக்கு 8.5 விழுக்காடு வேண்டும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் கால் எலும்புகள் வளையும். பெருத்து வளரும் இனக் குட்டிகளுக்கு அதுவே மிகுந்தாலும் எலும்பு கெடும். வைட்டமின் டி-யை நாம் வெயிலில் நின்று பெறுவதுபோல் நாய் போதிய அளவு பெற இயலாது. உணவின் வழியாகவே அது சேர வேண்டும். வைட்டமின் பி12 செடிகொடிகளில் இல்லை.

இவற்றையெல்லாம் வீட்டு அடுப்பில் கணக்கிட்டு அமைத்தல் எளிதன்று. ஆகவே நாம் கொண்ட முறை இது: ஊன் கலவாதது என்று அச்சிடப்பெற்று, குட்டிகளின் வளர்ச்சிக்கு உரிய முழு உணவு என்றும் குறிக்கப்பெற்ற ஆயத்த உணவே அடிப்படை. சைவ ஆயத்த உணவுகளுட் பல வளர்ந்த நாய்க்கு மட்டுமே உரியவை. பொதியின் முன்பக்கப் படத்தைப் பாராமல் பின்பக்க எழுத்தைப் படித்தல் வேண்டும். அவ்வுணவை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மேலே சிறிது பன்னீரோ, குழைய வெந்த பரங்கிக்காயோ சேர்க்கலாம். இச்சேர்க்கை மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கினைத் தாண்டலாகாது.

ஓர் உண்மையையும் மறைத்தல் கூடாது. நாயின் வாழ்நாளில் சைவ உணவு அமைத்தற்கு மிகக் கடினமான பருவம் இக்குட்டிப் பருவமே. எனவே மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது. வாரந்தோறும் எடை பார்த்துக் குறித்து வைத்தோம். எடை ஏறாது நின்றாலோ, மயிர் உதிர்ந்தாலோ, நடை தளர்ந்தாலோ உடனே மருத்துவரிடம் கூறி உணவை மாற்றுதல் வேண்டும். நம் நோன்பு நாம் விரும்பி ஏற்றது. அதன் சுமையை, ஏற்கவும் மறுக்கவும் அறியாத குட்டியின் எலும்பின்மேல் ஏற்றலாகாது. இத்துணைக் கவலை எம்மால் இயலாது என்பார், குட்டியைக் கொண்டுவராமல் இருத்தலே நன்று. வாயிலில் நீர்த்தொட்டி வைத்தலும் அறமே. அல்லது ஓராண்டு கடந்த நாட்டு நாயை ஏற்கலாம். அதன் உணவுத் தேவை எளிது.

வேளையும் அளவும்

மூன்று திங்கள் நிறையும்வரை நாளொன்றுக்கு நான்கு வேளையும், ஆறு திங்கள்வரை மூன்று வேளையும், அதன்பின் இரு வேளையும் உணவிடல் முறை. நாம் காலை 7, முற்பகல் 11, பிற்பகல் 3, மாலை 6 மணி என வகுத்துக்கொண்டோம். பொழுது சாயும் முன் உண்டு முடிக்கும் நம் இல்ல வழக்கத்தோடு இது இயல்பாகவே பொருந்தியது. கடைசி உணவுக்கும் உறக்கத்திற்கும் இடையே மூன்று மணி நேரம் இருப்பதால் இரவில் மலம் கழிக்க எழுதலும் குறைந்தது. எனினும் இரவுண்ணாமை நமக்குரிய நோன்பு. மிகச் சிறிய இனக் குட்டிகளுக்கு நெடுநேரம் பசித்திருந்தால் குருதியில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அவற்றிற்கு மருத்துவர் கூறும் வேளையில் உணவிடத் தயங்கலாகாது.

உணவை மாற்ற நேரின், ஒரே நாளில் மாற்றாமல் ஏழு நாட்களில் காற்பங்கு, அரைப்பங்கு, முக்காற்பங்கு எனப் படிப்படியாக மாற்றுக. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்தித் தெரியலாகாது. இதுவே அளவு சரியென்பதன் அடையாளம்.

சைவ உணவாயினும் நாய்க்கு நஞ்சாவன சில உண்டு. வெங்காயமும் பூண்டும் குருதிச் சிவப்பணுக்களை அழிக்கும். ஆதலின் அவை இட்ட சாம்பார், குழம்புச் சோறு ஆகாது. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பண்டிகை நாளில் பாயசத்தை வழித்து வைக்கும் வழக்கத்தை விடுக. சாக்லேட்டும், சைலிட்டால் சேர்ந்த சர்க்கரையில்லா இனிப்புகளும் உயிருக்கே ஊறு செய்யும்.

இரண்டாம் பிழை: தனி இருட்டு

உணவுப் பிழையைவிட எம்மை இன்றும் வருத்துவது இரவுப் பிழை. முதல் மூன்று இரவுகள் குட்டியை மாட்டுக்கொட்டிலில் கயிற்றால் கட்டிக் கதவைச் சாத்தினோம். "இரண்டு நாள் கத்தும், பிறகு பழகிவிடும்" என்றார் அண்டை வீட்டார். நள்ளிரவு முழுதும் அதன் ஓலம் கேட்டது. ஒருமுறை நாமே எழுந்து சென்று அதட்டினோம். அதட்டியபோது அது அஞ்சி ஒடுங்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு எம் காலடிக்கு வந்தது. யாரேனும் வந்தால் போதும் என்றிருந்தது அதற்கு.

நாய்க்குட்டி பிறந்த நாள் முதல் தாயின் வயிற்றோடும் உடன்பிறப்புகளோடும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்து உறங்கும். சிறு குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காக்கும் ஆற்றலும் குறைவு. தனித்துவிடப்பட்ட குட்டி குரலெழுப்புவது தாயை அழைக்கும் இயற்கைக் குரல். அடமன்று, தீய பழக்கமுமன்று. நூல் கூறும் குற்றங்களை எண்ணிப் பார்த்தோம். கட்டியும் விட்டோம், அதட்டியும் விட்டோம். ஐந்து வாரக் குட்டி இருளில் தனித்திருந்து வீட்டைக் காக்கும் என எதிர்பார்த்தோமே, அது மிகுபாரம் ஏற்றுதல் அன்றோ?

நான்காம் நாள், மருத்துவரின் இல்லத்திலிருந்து திரும்பியபின், முறையை மாற்றினோம். அட்டைப்பெட்டி ஒன்றில் சாக்கும் பழைய வேட்டியும் விரித்து, வெந்நீர் நிரப்பி இறுக மூடிய புட்டியைத் துணியில் சுற்றி ஓர் ஓரத்தில் வைத்தோம். சூடு மிகின் குட்டி விலகிப் படுக்க மறு ஓரத்தில் இடம் விட்டோம். பெட்டியை எம் பாய்க்கு அருகிலேயே வைத்தோம். முனகியபோது கையைப் பெட்டிக்குள் நீட்டினோம். விரலை முகர்ந்து மீண்டும் உறங்கியது. தாய் உள்ள இடத்திலிருந்து குட்டியைக் கொணர்வோர், தாய் படுத்த துணி ஒன்றையும் உடன் கொணர்ந்தால் அம்மணம் பெரிதும் ஆறுதலளிக்கும்.

இரவில் எழும் குரல்கள் அனைத்தும் ஒன்றல்ல. உறங்கி எழுந்து அமைதியின்றிச் சுற்றி முனகுமாயின் அது சிறுநீர் முட்டுதலின் அடையாளம். குட்டியின் அகவைத் திங்களோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரமே அது அடக்கவல்ல காலம் என்பது பொதுக் கணக்கு. இரண்டு திங்கள் குட்டிக்கு மூன்று மணி நேரம். ஆகவே இரவில் ஓரிருமுறை வெளியே தூக்கிச் செல்லல் வேண்டும். அவ்வேளையில் விளக்கேற்றி விளையாடாமல், பேச்சின்றிக் கொண்டுசென்று திரும்புக. சிறுநீர் கழிக்கும் என்று அஞ்சி இரவு முழுதும் தண்ணீரை ஒளித்து வைப்போர் உளர். அது நீர் தடுத்தல் என்னும் குற்றமாகும். நம் நாட்டு வெயிலில் இடரும் ஆகும்.

வாந்தி, குருதி கலந்த கழிச்சல், உண்ண மறுத்தல் ஆகியவற்றோடு அழுமாயின் பொழுது விடியக் காத்திராமல் மருத்துவரிடம் செல்க. பார்வோ என்னும் நச்சுயிரி நோய் குட்டிகளை ஓரிரு நாட்களில் கொல்லவல்லது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பதினாறு வாரம்வரை இடுதலும், மூன்று திங்களில் வெறிநோய்த் தடுப்பூசி இடுதலும் தவறலாகாது. குட்டி கடித்தாலோ கீறினாலோ சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி மருத்துவமனை செல்லுதலைக் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டும்.

குட்டி அமைதி கொண்டபின், பெட்டியை நாள்தோறும் சிறிது சிறிதாக விலக்கினோம். இரண்டு வாரத்தில் அது கூடத்து மூலைக்குச் சென்றது, அழுகை எழவில்லை. அருகிருந்து பெற்ற நம்பிக்கையே அதனைத் தனித்துறங்கச் செய்தது.

நிறைவுரை

சமவசரணத்தில் விலங்குகளுக்கும் ஓர் அவை உண்டு என்பது நாம் போற்றும் மரபு. இன்று அக்குட்டி ஓராண்டு கடந்து, நேரிய கால்களும் மின்னும் மயிருமாய் எம் திண்ணையில் வாழ்கின்றது. மாலை ஆறு மணி ஆனதும் தன் தட்டின் முன் அமர்ந்துகொண்டு எம் அன்னையாரை நோக்குகின்றது. "வந்துவிட்டேன், இரு அப்பா" என்று அவரும் எழுகின்றார். கொல்லாமை என்பது கொல்லாது விடுதலோடு முடிவதில்லை; நம்மை நம்பி வந்த உயிரின் பசியையும் அச்சத்தையும் அறிந்து தீர்த்தலும் அதன்பாற்படும் என்பதனை அவ்வைந்து வாரக் குட்டியிடம் நாம் கற்றோம். அன்பர்களும் இதனைக் கருதி ஒழுகுவாராக.