அறுபது ரூபாய்ப் பை

அன்பு மகளுக்குப் பெரியம்மா எழுதிக்கொள்வது.

உம்மா கொடுத்தனுப்பிய கைப்பையும் இரண்டு சில்லறைப் பர்ஸும் திருப்பூர் வந்து சேர்ந்தன. பழைய கைலிக் கட்டத்தோடு சுங்கடிக் கரையை ஒட்டுப்போட்ட விதம் அழகு. கம்பெனியில் செக்கிங் செய்கிற கண்ணோடு உள்ளே புரட்டிப் பார்த்தேன், பிசிறு இல்லை. கை உனக்கு நன்றாகவே படிந்துவிட்டது. ஆனால் அந்தப் பையை 60 ரூபாய்க்குக் கொடுக்கிறாயாமே? "துணி சும்மா கிடைச்சதுதானே பெரியம்மா" என்று போனில் சொன்னாய். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

புதுத் துணி என்றால் விரித்து, அளந்து, வெட்டவேண்டியதுதான். பழைய துணிக்குக் கத்தரி எடுப்பதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது. பொறுக்கணும், துவைக்கணும், தையல் பிரிக்கணும், இஸ்திரி போடணும், நைந்த இடத்தை ஒதுக்கணும். நீ சொன்ன கணக்குப்படியே ஒரு பைக்கு இரண்டரை மணி நேரம். ஜிப், உள்துணி, நூல் எல்லாம் 25 ரூபாய். மிச்சம் 35. அப்படியானால் மணிக்கு 14 ரூபாய்! மணிக்கு 60 என்று வைத்தால்கூட அடக்கவிலை 175 ஆகிறது. கடையில் வைத்தால் அவர்களுக்கும் பங்கு போகும். 250க்குக் கீழே இறங்காதே.

சும்மா கிடைத்த துணி என்று ஒன்று கிடையாது. இங்கே வெட்டு மேசைக்குக் கீழே விழுகிற பனியன் பிட்டுக்கே விலை உண்டு. வெள்ளைக்கு ஒரு விலை, கலருக்கு அதைவிடக் குறைவு, எல்லாம் கிலோக் கணக்கு. அரைத்து மறுபடி நூலாக்க மில்லுக்குப் போகிறது. உனக்கு வீட்டில் தூக்கிக் கொடுப்பவர்களும் பழைய சேலையைக் கொடுத்தால் பாத்திரக்காரன் ஒரு கிண்ணமாவது தருவான் என்று தெரிந்தவர்கள்தான்.

சேலையில் எல்லா இடமும் ஒன்றுபோல இருக்காது. இடுப்பில் செருகுகிற பக்கமும் கொசுவத்தின் அடியும் முதலில் நையும். முந்தானைப் பக்கம்தான் நிற்கும், ஊக்குக் குத்திய இடத்தை மட்டும் தள்ளிவிடு. வெளிச்சத்தில் பிடித்துப் பார், இரண்டு பெருவிரலாலும் குறுக்கே இழு. நூல் விலகினால் அது பைக்கு ஆகாது, கரித்துணிக்குத்தான். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்றும் பார். பனியன் துணியையும் சேலையையும் சேர்த்துத் தைக்கிறாய் என்றால் பனியன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். உள்ளே கேன்வாஸ் ஒட்டினால்தான் நிற்கும்.

நம்மூரில் இன்னொரு தொல்லை, கடலின் உப்புக் காற்று. ஊசியும் ஜிப் ரன்னரும் துருப்பிடிக்கும், மெஷினுக்கு எண்ணெய் விடாமல் ஒரு வாரம் போட்டு வைக்காதே. கருவாடு காய்கிற கொல்லைப் பக்கம் துணி மூட்டையை வைக்கவே வைக்காதே. நமக்கு அந்த வாடை தெரியாது. சென்னைக்காரி பையைத் திறந்ததும் தெரிந்துகொள்வாள்.

சுனாமிகா மாதிரி செய்யப்போகிறேன் என்கிறாய். அதைச் சரியாகத் தெரிந்துகொண்டு பேசு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் 'உபாசனா' நிறுவனம் மீனவப் பெண்களைக் கூட்டி, அங்கே மிஞ்சிய துண்டுத் துணியில் சுனாமிகா என்ற பெருவிரல் அளவுப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. கடல் என்றாலே நடுங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு அது மருந்தாகவும் இருந்தது, கூலியாகவும் இருந்தது. லட்சக்கணக்கில் செய்தார்கள், எத்தனையோ தேசத்துக்குப் போனது. ஆனால் அந்தப் பொம்மைக்கு விலை கிடையாது, பரிசாகத்தான் கொடுத்தார்கள். மனமுவந்து தருகிற நன்கொடையில்தான் அது ஓடியது. பெரிய காரியம். ஆனால் நீ நடத்தப்போவது கடை. 'ஏழை மீனவப் பெண்கள் கழிவுத் துணியில் செய்தது' என்று அட்டை அடித்துத் தொங்கவிட்டால் முதல் தடவை இரக்கப்பட்டு வாங்குவார்கள், கொண்டுபோய் அலமாரியில் போடுவார்கள். அதுவே ஜிப் தடையில்லாமல் ஓடினால் மாத்திரையும் பஸ் காசும் அதில் வைப்பார்கள். பழசானால் உன்னைத் தேடி வருவார்கள்.

தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தில் முழுகுகிறவர்களும், ராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் முழுகுகிறவர்களும் கடலில் விட்டுப்போகிற துணியை அள்ளி விற்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். தோஷம், தீட்டு என்று நான் சொல்லவில்லை, அது என் வாயில் வரவும் கூடாது. திதி கொடுத்துவிட்டு, இனி தனக்கு வேண்டாம் என்று ஒருவர் மனசறிந்து விட்ட துணி அது. பையை வாங்குகிறவர் இது எங்கே எடுத்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்வாயா? சொன்னால் பையைக் கீழே வைப்பார். மறைத்தால் நாளைக்கு உன் கைலித் துணியையும் சந்தேகப்படுவார். எமனேசுவரத்தில் தறி வீடுகளில் போய்க் கேள். மிஞ்சும் துண்டு, கறை பட்ட துண்டு இருக்கும். காசு கொடுத்தே வாங்கு. இராமநாதபுரம் தையல் கடைகளில் ரவிக்கை வெட்டிய மிச்சமும் கிடைக்கும்.

காய்கறிப் பை மட்டும் தைக்காதே. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கம் ஆரம்பித்து, 10 ரூபாய் போட்டால் பை விழுகிற மெஷினே வைத்துவிட்டார்கள். அந்த விலையோடு நீ மோத முடியாது. பர்ஸ், கண்ணாடி உறை, போன் உறை, தலைக் கிளிப், இவைதான் உனக்குச் சரி. சின்னத் துண்டும் செலவாகும்.

இன்னொன்று. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வருமானத்தை நம்பிய வீட்டுப் பெண்கள் தையல் வேலை கேட்டு வருவார்கள், என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். அப்போது கூலியைக் குறைக்காதே. துணி பொறுக்குகிற நேரத்துக்கும் கூலி போடு. அது வேலை இல்லையா? 60 ரூபாய்க்குப் பை விற்றால் இது உன்னால் முடியாது.

ஒரு நோட்டுப் போட்டு, பைக்குப் பை நேரம் எழுதி வை. பெருநாளுக்கு இன்ஷா அல்லாஹ் வருவேன், பார்க்கிறேன். ஜிப்பை ஒன்றிரண்டாக வாங்காதே. இங்கிருந்து ரோலாகவும் ரன்னர் தனியாகவும் வாங்கி வருகிறேன், நீளம் வேண்டியபடி வெட்டிக்கொள்ளலாம். என்ன கலர், எத்தனை மீட்டர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லு. பணம் அப்புறம் கொடுத்தால் போதும், ஆனால் கொடுக்கணும்.

உம்மாவுக்கு ஸலாம்.

உன் பெரியம்மா