தடிப்புக்கு முன்னே தட்டம்மை

கேள்வி: உடலில் தடிப்பு தோன்றுமுன்பே தட்டம்மையை அறிய வழியுண்டா?

பதில்: உண்டு. கடும் ஜுரமும், இருமலும், மூக்கொழுகலும், வெளிச்சத்துக்குக் கூசும் சிவந்த கண்களும் ஒருங்கே கூடி நிற்கையில், குழந்தையின் வாயைத் திறந்து, கடைவாய்ப் பற்களுக்கு எதிரேயுள்ள கன்னத்தின் உட்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் நோக்கினால், சிவந்த பரப்பின்மேல் உப்புப் பரல்களைப் போன்ற வெண்புள்ளிகள் தென்படக்கூடும். நியூயார்க் வைத்தியர் ஹென்றி காப்ளிக் 1896-இல் விவரித்த இந்த லட்சணம் விரைவில் மறைந்துவிடுவதால், அதைக் காணாதது கொண்டு நோயில்லை என்று நிச்சயித்துவிடலாகாது. தடிப்பு முகத்தில் துவங்கிக் கீழிறங்கும். அதற்கு நான்கு நாட்கள் முன்பிருந்தே காற்றின் வழியாகப் பிறரைத் தொற்றுமாதலால், வேப்பிலை செருகிக் காத்திராமல், மற்றக் குழந்தைகளிடமிருந்து பிரித்துவைத்து, வைத்தியருக்கு முன்கூட்டித் தெரிவித்துவிட்டு அழைத்துச் சென்று, ரத்தப் பரிசோதனையால் ஊர்ஜிதம் செய்துகொள்ளும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.